ஒளிந்திருந்த கிரகவாசி

ஆள் குறைகிறதென்று திலீபனையும் விண்வெளிப் பகடை விளையாட்டில் உட்கார வைத்தாள் மகள் தேவமலர். அவள் தோழி அகல்யா சிவப்புக் கிரகத்துத் தலைவி, தோழன் நிவேந்திரன் பச்சைக் கிரகத்துத் தலைவன்.

“நீங்க ஒளிஞ்சிருக்கிற வேற்றுக்கிரகவாசிப்பா. இவங்க ரெண்டு பேரையும் சேரவிடக் கூடாது. கண்டுபிடிச்சிட்டா நீங்க அவுட்டு.”

“இதெல்லாம் ஒரு வேலையா லா?” என்று சிரித்தார் திலீபன்.

இருவர் காதிலும் தனித்தனியே ஒரு வார்த்தை போட்டார். சமாதானம் பேச வந்த இரண்டு கிரகமும் சண்டைக்குக் கிளம்பிவிட்டன.

“அங்கள் கில்லாடி,” என்றான் நிவேந்திரன். “‘சேர்ந்தா உங்க தேரைப் பின்னால தள்ளிடுவாங்க’ன்னாரு. விண்கப்பல் கதையில தேர் எங்க வந்துச்சு?”

அகல்யா சிரிக்கவில்லை.

“எனக்கும் அதேதான் சொன்னாரு. போன வாரம் எங்கப்பாகிட்டயும் இதையேதான் சொன்னீங்க, அங்கள். அப்புறம்தான் ரெண்டு கோயிலும் சேர்ந்து திருவிழா செய்ய வேணாம்னுட்டாரு.”

“எங்கப்பாவும் அதனாலதான் வேணாம்னாரு,” என்றான் நிவேந்திரன் மெதுவாக.

மலேசியாவின் பெம்பானில், இந்த இருவரின் அப்பாக்களும் தலைவர்களாக இருக்கும் இரண்டு கோயிலும் முறைத்துக்கொண்டிருக்கும் வரைதான் நடுவில் பேசப்போகும் திலீபனுக்கு இரண்டிலும் முதல் மாலை. அதை இந்தப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? தலை நிமிரவில்லை அவருக்கு.

தேவமலர் அவர் முகத்தைப் பார்க்காமலேயே பகடைகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள்.

“கண்டுபிடிச்சிட்டாங்கப்பா.”