இன்னொரு மாத்திரை

எவர்சில்வர் செம்பு பறந்து வந்து இசக்கிசெல்வியின் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"கொன்னுருவேம்லே!" மாமனார் பூலோகம் கைத்தடியை ஓங்கிக்கொண்டு வீடு அதிரக் கத்தினார்.

புருஷன் வேல்ராஜ் பாய்ந்து தடியைப் பிடுங்கினான். கிழவரைச் சுவரோடு வைத்து அழுத்திய வேகத்தில், பலகையில் அடுக்கியிருந்த பாத்திரமெல்லாம் சரிந்து விழுந்தன.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டு ஃபர்ஸானா கையில் துணியோடு ஓடி வந்தாள்.

"அரே, பெரியவரு மறுபடியும் அடிச்சிட்டாரா?"

"ஆமாக்கா, மாமாதான். அவுகளுக்குத்தான் புத்தி நெலையில இல்லியே."

மூன்று மாதமாக செல்வி எல்லாருக்கும் சொல்லும் பதில் அதுதான். மறதி நோய்க்காரரோடு யாரும் பஞ்சாயத்துக்குப் போவதில்லை.

செல்வியின் நெற்றியில் நாலு தையல் போட்ட கையோடு, மறுநாள் காலை மூவரும் மாமனாருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் முன்னால் இருந்தார்கள். மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பூலோகம், நகர மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

டாக்டர் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"மறதிக்கான மாத்திரையை அஞ்சு மில்லிகிராம்ல ஆரம்பிச்சோம். ஒரு மாசம் பொறுத்து, உடம்பு தாங்குதான்னு பார்த்துத்தான் பத்தாக்கினோம். இப்ப நாடி ரொம்ப மெதுவா அடிக்குது, போன வாரம் மயங்கி வேற விழுந்திருக்கார். இன்னிலேர்ந்து அதை நிறுத்திடுங்க. ஈ.சி.ஜி. பார்த்துட்டு மத்ததை முடிவு பண்ணலாம்."

"அப்ப இந்த அடிதடிக்கு என்ன டாக்டர் பண்றது?" என்றான் வேல்ராஜ். "தெனமும் வயலன்ட் ஆயிடுறாரு. ஒரேயடியா அடக்கி வைக்கிற மாதிரி இன்னொரு மாத்திரை எழுதுங்க."

"அந்த மாத்திரை இந்த வயசுல பக்கவாதத்துல கொண்டுபோய் விடலாம். உயிரே போகலாம். வேற வழியே இல்லைன்னாத்தான் குடுப்பேன், அதுவும் கொஞ்சூண்டுல ஆரம்பிச்சு." டாக்டர் செல்வி பக்கம் திரும்பினார். "நீதான் கூடவே இருக்கே, சொல்லும்மா. தினமும் இப்படித்தானா?"

வேல்ராஜ் அவளையே முறைத்துப் பார்த்தான். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், டாக்டர் எழுதிவிடுவார்.

அப்போது பூலோகத்தின் விரல்கள் அவள் நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்தன. நேற்று நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. கண் கலங்கிவிட்டது.

"ஏ தாயி, யாரு ஒன்ன இப்பிடி அடிச்சது?"

மூன்று மாதமாக அடக்கி வைத்த அழுகை செல்விக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒங்க மவன்தான் மாமா."