பின்னால் வந்த ஸ்கூட்டர்

"நிறுத்தாதீங்க. அந்த ஆளு பின்னாடியே வர்றாரு."

மனைவி சொன்னதும் அவன் கண்ணாடியில் பார்த்தான். காரை விற்ற தையல்காரர்தான். ஸ்கூட்டரில், ஒரு கையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

அவன் பிறப்பதற்கு முன்பே ஓடிய குட்டிக் கார் அது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அதன்மேல் ஒரு கண். எங்கெங்கோ அலைந்து இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. சாவியைக் கொடுக்கும்போதே மனுஷர் கண்கலங்கினார். தானே தைத்த சீட் உறையை வேறு தடவித் தடவிப் பார்த்தார்.

"மனசு மாறிடுச்சு. திருப்பிக் கேக்கத்தான் வர்றாரு. நடுரோட்டுல அழுதா நீங்க கொடுத்துடுவீங்க."

போன் அடித்தது. அவர்தான். மனைவி துண்டித்தாள். மறுபடி அடிக்க, அணைத்தே விட்டாள்.

ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து ஒட்டியது. அவர் என்னவோ கத்தினார். அவன் ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி ஏற்றிவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். ஆசைப்பட்டு வாங்கியவனுக்கு அந்தச் சந்தோஷம்கூட மிஞ்சவில்லை.

அப்புறம் அவர் பக்கத்தில் வரவில்லை. பின்னாலேயே வந்தார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இவன் பிரேக் போடும்போதெல்லாம் காரை ஒட்டி நின்று கையை உயரத் தூக்கினார்.

"அப்பா, அந்த மாமா திரும்பவும் கை தூக்குறாரு," என்றாள் பின் சீட்டில் மண்டியிட்டு வேடிக்கை பார்த்த மகள்.

பார்க்காதே என்று மனைவி அதட்டினாள். வீட்டை அடையாளம் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறார் என்று முணுமுணுத்தாள்.

வாசலில் கார் நின்றது. ஸ்கூட்டரும் நின்றது.

அவன் முந்திக்கொண்டான். "வித்தது வித்ததுதாங்க. திருப்பித் தர முடியாது."

தையல்காரருக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு எதுக்குங்க? பிரேக் போட்டா பின்னாடி சிவப்பு விளக்கு எரியல. காலையில எரிஞ்சுது. நீங்க தெருமுனையில திரும்பும்போதுதான் பார்த்தேன். பக்கத்துல வந்து சொல்லலாம்னா, நீங்க இன்னும் வேகமாப் போறீங்க."

"அதுக்காக வீடு வரைக்கும் துரத்திட்டு வரணுமா?" என்றாள் மனைவி.

அவர் வலித்த தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"பின்னாடி பூரா லாரிம்மா. நீங்க நிக்கிறது அவங்களுக்குத் தெரியாது. அதான் கையைக் காட்டிக்கிட்டு நடுவுல நான் வந்தேன். பாப்பா பின் சீட்டுல இருக்குல்ல."