நிற்காத லொறி

சுகர் லேண்ட் ஃப்ரீவேயில் மழை விட்டிருக்கிறது. கார்கள் நகரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் துவாரகனுக்குப் பக்கத்தில் அவனுடைய மாமனார் காலின். ஆஸ்திரேலியாவில் கோதுமை விளைவித்தவர், இருபத்தொரு வயதில் வியட்நாம் போருக்கு லொறி ஓட்டப் போனவர். பின்னிருக்கையில் அம்மா தவமலர். “சம்மந்தி ஆரையும் சுட்டவரோ எண்டு கேள் தம்பி.” இல்லை என்கிறார் காலின். உருளைக்கிழங்கு ஏற்றிப் போனார், காயம்பட்டவர்களை ஏற்றி வந்தார். வழியில் எங்கும் நிறுத்தக்கூடாது என்பது கட்டளை. ஒருநாள், கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டியபடி ஒருத்தி லொறியோடு கூடவே ஓடி வந்தாள். “நான் நிறுத்தவில்லை,” என்கிறார். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கீச்சிடுகிறது. துவாரகன் அதை நிறுத்த மறந்திருக்கிறான்.

“என்னவாம்?” என்று அம்மா கேட்கிறாள். அவன் தமிழில் சொல்கிறான். தவமலர் வெளியே பார்க்கிறாள். யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே வெளியேறிய நாளில், அவள் அப்படித் தூக்கிக் காட்டிய குழந்தை துவாரகன்தான். “எங்களுக்கும் ஒரு லொறிக்காரன் நிப்பாட்டேல்லை. முப்பது வரியமா அவனை ஏசிக்கொண்டிருக்கிறன். அவனும் இப்பிடித்தான் எங்கையோ இருந்து யோசிச்சுக்கொண்டிருப்பான்.” காலின் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கிறார். “இதையும் அவருக்குச் சொல்லு தம்பி.” முன்னால் வழி திறக்கிறது, பின்னால் ஹார்ன் ஒலிக்கிறது. துவாரகன் காரை எடுக்காமல் சொல்லத் தொடங்குகிறான்.