உள்ளங்கால் மச்சம்

"உள்ளங்கால்ல மச்சம் இருக்கறவன் ஊடு தங்குவானா முத்தம்மா? எவளையோ இட்டுக்கினு ஊர் சுத்துறான் போ!"

செங்கல் சூளையில் கூட வேலை செய்யும் சாராள் ஒரு வருஷமாக இதையேதான் சொன்னாள். துறைமுகத்தில் வேலை என்று சொல்லிவிட்டுப் போன புருஷன் வரதனிடமிருந்து ஒரு கடுதாசிகூட இல்லை. முத்தம்மா பகலெல்லாம் கல் சுமந்து, தனக்கு மட்டும் உலை வைத்து, தனியாகத் தின்று படுத்தாள்.

அன்று சூளைக்கு ஓர் ஆள் வந்து வரதனின் துண்டை நீட்டினான்.

"என் பேரு தேசப்பன். பட்டணத்து ஆஸ்பத்திரில வரதனுக்குப் பக்கத்துக் கட்டில்."

"ஆஸ்பத்திரியா?"

"அந்தக் கால் மச்சம் பெருசாயி புண்ணாயிடுச்சும்மா. புத்துநோவாம். 'நான் அட்டக் கருப்பு, எனக்கு இன்னா தோல் நோவு வரும்'னு முத்த உட்டுட்டான். கால எடுத்தாங்க. அப்பவும் நிக்கல. போன மாசம் போய்ட்டான்."

"ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதாண்ணே?"

"ஒத்தக் காலோட வந்து உனக்குப் பாரமாவ மாட்டேன்னான். ஓடிப் போய்ட்டான்னு நெனச்சா கோவத்துலயாவது அவ திடமா இருப்பான்னான்."

சாராள் தலையைக் குனிந்துகொண்டாள். முத்தம்மா துண்டை முகத்தில் வைத்து எடுத்தாள்.

"நீ சொன்னது சரிதான் சாராளு. மச்சந்தான் இட்டுக்கினு போயிருக்குது."