சேலை கார்டு

ஷோரூமுக்குள் நுழைந்ததிலிருந்தே லிங்கப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேட்டியை மடித்துக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக அந்த பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மைசூர்லருந்து பம்பாய் வரைக்கும் தனியாப் போகோணும். மழையில மலை ஏறுமுங்களா? நடுவழியில நின்னு போயிராதுங்களே?"

"அலுங்காம ஏறும் சார்," என்றார் விற்பனையாளர். "பின்சக்கரத்துல மேடம் சேலை சிக்காம கார்டு மாட்டிடட்டுமா?"

"வேண்டாமுங்க."

"ஏன் சார், நீங்க பம்பாய் போய்ட்டு வந்தப்புறம் மேடம் பின்னாடி உட்கார மாட்டாங்களா?"

அதற்குள் லிங்கப்பனின் மனைவி மகேஸ்வரி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஒரே உதையில் கிளப்பினாள்.

லிங்கப்பனின் குரல் தாழ்ந்தது.

"போறது அவதானுங்க. எனக்கு ஓட்டத் தெரியாது. அவ நல்லபடியாத் திரும்பி வந்தா, பின்னாடி உட்காரப்போறது நான். வேட்டி சிக்காம ஏதாச்சும் இருந்தா மாட்டிக் குடுங்க."