அஞ்சாவது பீச்சுலதான் குளியல்

மிருகக் கதைன்னதும், நரி வந்து யாரையாவது ஏமாத்தும்னுதானே காத்துக்கிட்டிருக்கீங்க? நரி இன்னிக்கு லீவு. ஒரு எருமையும் அவர் சம்சாரமும்தான் இருக்காங்க.

ரெண்டு பேரும் ஒரு குட்டித் தீவுக்கு டூர் போனாங்க. ஐயா மூணு மாசமா பிளான் போட்டவரு. மூணு மணிக்கு இறங்கணும், அஞ்சு பீச்சு பாக்கணும், ஒவ்வொண்ணுலயும் ஒரு போட்டோ, கடைசி பீச்சுல குளியல், அஞ்சு மணிக்குத் திரும்புற படகு.

குட்டையைத் தவிர வேற தண்ணியே பாக்காத அம்மாவுக்குக் கடலைப் பாத்ததும் கால் நிக்கல.

"ஏங்க, ஒரே ஒரு முங்கு போட்டுட்டு வந்துடறேனே?"

"இது முதல் பீச்சுடி. இங்க போட்டோ மட்டுந்தான்."

கரையோரமாவே அரை மணி நேரம் நடந்தாங்க.

"இங்கயாவது முங்கட்டுமா?"

"இது ரெண்டாவது. பிளான்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

மூணாவது வந்துச்சு, நாலாவதும் வந்துச்சு. எல்லாத்துலயும் அதே சாய்ஞ்ச தென்னமரம்.

"தீவுன்னா மரம் அப்படித்தான் சாயும்"னாரு ஐயா.

"அதோ, மணல்ல நிக்குதே, அந்த நண்டுகிட்ட வழி கேளுங்களேன்."

"அதுக்கே நேரா நடக்கத் தெரியாது. அது எனக்கு வழி சொல்லுமா?"

படகு ஹாரன் அடிச்சுது. அம்மா காய்ஞ்ச உடம்போட ஏறினாங்க.

"அஞ்சாவது பீச்சை இந்த ஊர்க்காரங்க எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்காங்க"ன்னு ஐயா உறுமினாரு.

கரையில நின்ன நண்டுக்குப் பொறுக்கல.

"அண்ணே, இந்தத் தீவுக்கு இருக்கறதே ஒரு பீச்சுதான்! உங்க நாலு போட்டோலயும் பின்னாடி நிக்கறது நான்தான், பாருங்க!"