பாதி பாட்டரி

"பாட்டரி இன்னிக்கும் பாதி ஏறியிருக்கு, கோமளா" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தார் பட்டாபிராமன்.

ஆபீஸுக்குப் புதிதாக வந்த சோலார் பேனலை, டில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் மாடியில் ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். தேறிவிட்டால் அதை டிரெய்லர் வண்டியில் பொருத்தி, ராஜஸ்தான் பாலைவனத்தில் ஆறு மாதம் சர்வே கேம்ப். போகப்போவது அவர்தான்.

"மே மாச வெயில்லயா ஏறலை?" என்றாள் கோமளா அப்பாவியாக.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு வடாம் துண்டை எடுத்து நீட்டினார். "பேனல் ஓரத்துல கிடந்தது."

கோமளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆறு மாசம் உங்களைப் பிரிஞ்சு இருக்கணுமேன்னுதான்... நீங்க ஆபீஸ் போனதும் பேனல் மேல பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சு வடாம் பிழிஞ்சேன். தப்புதான்னா. நாளைலேர்ந்து பிழியலை."

"பிழியலையா? பாதி ஏறினாலே போறும், பாஸ் போட்டுடறேங்கறான் எங்க ஆபீஸ் சாஹிப். நாளைக்குத்தான் கடைசி நாள்!"

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி வந்த இரண்டு கிலோ ஜவ்வரிசியை அவள் கையில் திணித்தார்.

"இடைவெளி விடாம நெருக்கமாப் பிழிடீ!"